கதவுப் பதிவுகளைக் கண்காணிப்பதும் காப்பகத்தில் சேர்ப்பதும் எப்படி?

கார்டைக் காட்டித் திறக்கும் கதவுகள் உள்ள அலுவலகம் ஒவ்வொன்றிலும் அக்சஸ் கன்ட்ரோல் மென்பொருள் நாள் முழுவதும் வரி வரியாக எழுதிக்கொண்டே இருக்கிறது. யார், எந்தக் கதவு, எத்தனை மணி, அனுமதியா மறுப்பா என்று சொல்லும் அந்த வரிகளைச் சாதாரண நாளில் யாரும் தேடுவதில்லை. ஸ்டோரில் ஒரு பொருள் குறைகிறது என்று தெரிந்த பிறகுதான் தேடுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் சில மாதங்கள் கழித்து. எனவே, இன்று திரையில் பதிவு ஒழுங்காக ஓடுகிறது என்பதோடு நிர்வாகியின் வேலை முடிந்துவிடாது. ஓராண்டு கழித்து, இந்த மென்பொருளே இல்லாத கணினியில், அந்த ஒரு வரியைப் படித்துப் பொருள்கொள்ள முடியுமா என்பதை வைத்துத்தான் எல்லா ஏற்பாடுகளையும் செய்ய வேண்டும். சுமார் 400 பேர் வேலை செய்யும், 20 கதவுகள் கொண்ட நிறுவனம் ஒன்றை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் கடிகாரம்

பெரும்பாலான அமைப்புகளில் பதிவில் ஏறும் நேரம் சர்வரின் நேரம் அன்று. கதவை இயக்கும் கன்ட்ரோலரில் உள்ள கடிகாரத்தின் நேரம். மின்சாரம் நின்று, உள்ளிருக்கும் சிறு பேட்டரியும் தீர்ந்திருந்தால், சில கன்ட்ரோலர்கள் 2000 ஜனவரி 1 என்ற தேதியிலிருந்து மீண்டும் தொடங்கும். கன்ட்ரோலர்கள், சர்வர், சிசிடிவி ரெக்கார்டர் ஆகிய எல்லாவற்றையும் நெட்வொர்க் வழியே சரியான நேரத்தைத் தரும் ஒரே என்டிபி சர்வரோடு இணைத்துவிட்டால், பதிவும் வீடியோவும் ஒன்றோடொன்று பொருந்தும். இந்தியாவில் இது சட்டம் சார்ந்த தேவையும்கூட. கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் கடிகாரங்களை என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும் என்றும், பதிவுகளை 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும் என்றும் கூறுகிறது.

எதைக் கண்காணிப்பது

ஒவ்வொரு ஸ்வைப்பையும் காவலரின் திரையில் ஓடவிடுவது கண்காணிப்பு ஆகாது. அலாரமாக எழ வேண்டியவை சிலவே: கதவு வலுக்கட்டாயமாகத் திறக்கப்பட்டது, கதவு குறித்த நேரத்துக்கு மேல் திறந்தே இருக்கிறது, ரத்து செய்யப்பட்ட கார்டு காட்டப்பட்டது, கார்டைப் படிக்கும் ரீடரின் மூடி கழற்றப்பட்டது, கன்ட்ரோலருடன் தொடர்பு அறுந்தது. மற்றவை அமைதியாகப் பதிவானால் போதும்.

இவற்றில் ‘வலுக்கட்டாயத் திறப்பு’ அலாரம்தான் அதிகமாகக் கெட்டுப்போகிறது. கார்டு காட்டப்படாமலும் வெளியேறும் பொத்தான் அழுத்தப்படாமலும் கதவின் சென்சார் ‘திறந்தது’ என்று சொன்னால், கன்ட்ரோலர் அதை உடைப்பு என்று கொள்கிறது. பல இடங்களில் வெளியேறும் பொத்தானின் வயரை நேரே மேக்னடிக் லாக்கின் மின்சாரத்தைத் துண்டிக்கும்படி கொடுத்துவிட்டு, கன்ட்ரோலருக்குக் கொண்டுவராமல் விட்டுவிடுகிறார்கள். கதவு திறக்கிறது, ஆள் வெளியேறுகிறார், ஆனால் ஒவ்வொரு முறையும் அலாரம் அடிக்கிறது. இரண்டே வாரத்தில் காவலர் அந்தச் சத்தத்தை முழுவதுமாக அலட்சியப்படுத்தப் பழகிவிடுகிறார். அப்போது மென்பொருளில் அலாரத்தை அணைத்துவைப்பது தவறு. எலக்ட்ரீஷியனை அழைத்து, பொத்தானின் ஒரு ஜோடி வயரைக் கன்ட்ரோலரின் வெளியேறும் இன்புட்டிலும் இணைக்கச் சொல்வதே சரியான வழி.

நெட்வொர்க் அறுந்திருக்கும்போது கன்ட்ரோலர் நிகழ்வுகளைத் தன் நினைவகத்தில் சேர்த்து வைத்து, தொடர்பு வந்ததும் மொத்தமாக அனுப்பும். நினைவகம் நிரம்பினால் பொதுவாகப் பழைய நிகழ்வின் மேலேயே புதியது எழுதப்படும். ஆகவே, நிகழ்ந்த நேரம், சர்வருக்கு வந்த நேரம் என்ற இரண்டு பத்திகளையும் (நெடுவரிசைகள்) அறிக்கையில் காட்டும்படி அமைத்துக்கொள்ளுங்கள்; இரண்டுக்கும் இடையே மணிக்கணக்கில் வேறுபாடு இருந்தால், எந்தக் கன்ட்ரோலர் எவ்வளவு நேரம் துண்டிக்கப்பட்டிருந்தது என்பது விளங்கிவிடும்.

காப்பகத்தில் சேர்க்கும் முறை

ஒருவர் நாளொன்றுக்குப் பத்து முறை கார்டைக் காட்டுகிறார் என்று கொண்டால், 400 பேருக்கு 4,000 நிகழ்வுகள். மாதத்துக்கு 25 வேலை நாள்கள் என்றால் ஒரு லட்சம். ஆண்டுக்கு 12 லட்சம். இந்த ஓராண்டுக் கணக்கை ஒரே கோப்பாக எடுத்து எக்செலில் திறந்தால் 10,48,576 வரிகளோடு நின்றுவிடும், மீதி திரைக்கு வராது. மாதத்துக்கு ஒரு கோப்பு என்று பிரிப்பதே நல்லது. டேட்டாபேஸுக்கும் எல்லை உண்டு: மைக்ரோசாஃப்டின் இலவச டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸின் 2022 வரையிலான பதிப்புகளில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபியைத் தாண்ட முடியாது. அது நிரம்பிய பிறகும் கதவுகள் வழக்கம்போலத் திறக்கும். புதிய நிகழ்வுகள் மட்டும் சேமிக்கப்படாது. அதனால் யாருக்கும் ஐயம் எழாது என்பதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து.

கோப்பில் என்னென்ன பத்திகள் இருக்க வேண்டும் என்பதை நான் ஒரு கசப்பான அனுபவத்தில் கற்றேன். நான் பராமரித்த தொழிற்சாலை ஒன்றில், காணாமற்போன கருவி தொடர்பாகப் பழைய பதிவை எடுத்தபோது, ஓர் இளைஞர் இரவில் ஸ்டோருக்குள் போனதாக அறிக்கை காட்டியது. அவரை உட்காரவைத்து அரை நாள் விசாரித்த பிறகுதான், அந்தத் தேதியில் அவர் வேலைக்கே சேரவில்லை என்று மனிதவளப் பிரிவு சொன்னது. விலகிச் சென்ற ஒருவரின் கார்டை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். பதிவில் கார்டு எண் மட்டுமே இருந்ததால், மென்பொருள் இன்றைய பெயரைப் பழைய வரியில் ஒட்டிக் காட்டிவிட்டது. அந்த இளைஞர் அன்று பட்ட அவமானத்துக்கு நானும் பொறுப்பு. அன்று முதல், நிகழ்வு நடந்தபோது கார்டை வைத்திருந்தவரின் பெயர், பணியாளர் எண், கதவின் பெயர் ஆகியவற்றை எழுத்தாகவே காப்பகக் கோப்பில் சேர்த்துவிடுகிறேன். கார்டு எண்ணோடு, நிறுவனத்தையோ வளாகத்தையோ குறிக்கும் எண்ணான ஃபெசிலிட்டி கோடையும் சேர்க்க வேண்டும். ரீடர் கார்டு எண்ணைக் கன்ட்ரோலருக்கு அனுப்பும் 26 பிட் வீகண்ட் முறையில் கார்டு எண்ணுக்கு 16 பிட்டுகளே இருப்பதால், 65,535க்கு மேல் எண் கிடையாது, வேறு ஃபெசிலிட்டி கோடில் அதே எண் இன்னொருவரிடம் இருக்கக்கூடும்.

வேலையின் வரிசையை மாற்றக் கூடாது. மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலையில் டேட்டாபேஸுக்கு முழு பேக்கப் எடுத்து, முந்தைய மாத நிகழ்வுகளை தமிழ் எழுத்துகளும் சிதையாத யூடிஎஃப்-8 வடிவில், எந்தக் கணினியிலும் திறக்கும் எளிய அட்டவணையான சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்து, கோப்பின் வரி எண்ணிக்கையும் டேட்டாபேஸின் எண்ணிக்கையும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு விண்டோஸிலேயே உள்ள செர்ட்யூட்டில் கட்டளையால் ஷா-256 ஹேஷ் (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற மதிப்பு) எடுத்துத் தனியே குறித்துவைத்து, கோப்பை வேறொரு கட்டடத்திலுள்ள சேமிப்பகத்துக்கும் நகலெடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு நீதிமன்றத்தில் தரவேண்டிய சான்றிதழில் இந்த ஹேஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. நிர்வாகிகள் மென்பொருளுக்குள் செய்த மாற்றங்களின் பதிவையும் இதே முறையில் எடுத்துவையுங்கள்; கணினியிலிருந்தே கதவைத் திறந்தவர் யார் என்பது அதில்தான் தெரியவரும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான், 180 நாள்களைத் தாண்டிய நிகழ்வுகளை டேட்டாபேஸிலிருந்து நீக்கலாம். விசாரணையிலோ வழக்கிலோ இருக்கும் கதவுகளின் பதிவைத் தொடக் கூடாது. நீக்கும்போது சில ஆயிரம் வரிகளாகப் பிரித்து நீக்கினால், காலை ஷிஃப்ட்டின் ஸ்வைப்புகள் தேங்கி நிற்கமாட்டா.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேறொரு கணினியில் ஒரு பேக்கப்பை மீட்டெடுத்து, உங்கள் சொந்தக் கார்டின் ஏதேனும் ஒரு நாள் பதிவைத் தேடிப் பாருங்கள். புதிய எஸ்க்யூஎல் சர்வரில் எடுத்த பேக்கப் பழைய பதிப்பில் திறக்காது என்பதால், மென்பொருளின் இன்ஸ்டாலரையும் பதிப்பு எண்ணையும் பேக்கப்போடு சேர்த்தே வையுங்கள். காப்பகக் கோப்பைக் குறியாக்கம் செய்திருந்தால், அதன் கடவுச்சொல்லை உறையிலிட்டு ஒட்டி, உங்களைத் தவிர இன்னொரு பொறுப்பாளரிடமும் கொடுத்துவையுங்கள்.