கிராஃபீனைப் பெருமளவில் தயாரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பால்மரம் நின்ற நிலங்கள் பலவும் செம்பனைக்கு மாறிவிட்டபோதிலும், ரப்பரைக் கொண்டு புதிதாக ஏதேனும் செய்ய வேண்டும் என்னும் எண்ணம் நம் இளைஞர்களிடையே இன்னும் இருக்கிறது. 2014இல் தொடங்கப்பட்ட மலேசியாவின் தேசிய கிராஃபீன் செயல்திட்டமும் கிராஃபீனை ரப்பரில் சேர்க்கைப் பொருளாகக் கலப்பதை முக்கியப் பயன்பாடுகளுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. ஆய்வகத்தில் சில கிராம் எடுத்தவர்கள் கிலோக் கணக்கில் தயாரிக்க இறங்கும்போது தடுமாறுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: எடையைப் பார்க்கிறார்கள், அடுக்குகளைப் பார்ப்பதில்லை.

கிராஃபீன் என்பது ஓர் அணுப் பருமனுள்ள கரித்தாள். பன்னாட்டுத் தர அமைப்பு 2017இல் வெளியிட்ட சொல் வரையறையின்படி, 3 முதல் 10 அடுக்கு வரை உள்ளதைச் சில அடுக்குக் கிராஃபீன் எனலாம்; அதற்கு மேல் போனால் அது பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டின் மெல்லிய வடிவமே. செம்பனைக் கொட்டை ஓட்டைச் சூளையில் சுட்டு அரைத்த தூளுக்கும் கிராஃபீன் என்று பெயர் சூட்டுபவர்கள் உண்டு. அது கரி, நல்ல கரியாகவே இருக்கலாம். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு 60 உற்பத்தியாளர்களின் மாதிரிகளைச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் கிராஃபீன் 10 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தது. எதிலும் 50 விழுக்காட்டைத் தாண்டவில்லை. ஒரு துகளை மட்டும் ராமன் நிறமாலையில் (ஒளிச்சிதறலைக் கொண்டு பொருளை அறியும் சோதனையில்) காட்டி மூட்டை முழுவதற்கும் சான்று எழுதிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

கிராஃபைட்டை அடர் கந்தக அமிலத்திலும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டிலும் ஆக்சிஜனேற்றி, அடுக்குகள் எளிதில் பிரியும் கிராஃபீன் ஆக்சைடைப் பெறும் முறை 1958இல் ஹம்மர்ஸ் என்பவர் வெளியிட்டது. அதில் உருவாகும் மாங்கனீசு ஹெப்டாக்சைடு 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால் வெடிக்கக்கூடியது. குடுவையைப் பெரிதாக்கும்போது உள்ளிருக்கும் கலவை பெருகும் வேகத்தில் குளிர்விக்கும் பரப்பு பெருகுவதில்லை. ஆகவே ஆய்வகத்தில் பனிக்கட்டி வைத்துச் சமாளித்தவர், அதே அளவு விகிதத்தைப் பெரிய தொட்டிக்குக் கொண்டுபோவது உயிரோடு விளையாடுவதாகும்.

செப்புத் தகட்டின் மீது ஏறத்தாழ 1000 பாகையில் மீத்தேனைச் சிதைத்துப் படலம் வளர்க்கும் முறை வேறு. அங்கே வளர்ப்பதைவிட, படலத்தைக் கிழியாமல் மாற்றி ஒட்டுவதே கடினம். ரப்பர்க் கலவைக்கு அந்தச் செலவு தேவையே இல்லை.

அடுத்த தவறு நம் ஊருக்கு நன்கு தெரிந்ததாக இருந்திருக்க வேண்டும். ரப்பர்ப் பாலில் ஃபார்மிக் அமிலம் விட்டால் உறையும் என்பது தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியும்; இருந்தும், கழுவி முடிக்காத, அமிலம் மிஞ்சிய கிராஃபீன் ஆக்சைடை அம்மோனியா கலந்த பாலில் ஊற்றிவிட்டு, ஏன் திரிந்தது என்று வியக்கிறார்கள். அமிலம் போகும்வரை பலமுறை கழுவுவதும், கழுவிய நீரைச் சுத்திகரிப்பதும் உற்பத்திச் செலவில் தொடக்கத்திலேயே சேர்க்கப்பட வேண்டியவை.

பலர் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, உலர்த்தும்போது கோட்டைவிடுகிறார்கள். நீர் வற்ற வற்றத் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒட்டிக்கொள்கின்றன. உறைந்த கட்டிப்பாலை மீண்டும் பாலாக்க முடியாததுபோல, அவற்றைப் பழையபடி பிரிப்பது மிகக் கடினம். பாலில்தான் கலக்கப் போகிறோம் என்றால் நீர்க்கலவையாகவே வைத்திருந்து அனுப்புவது நல்லது. தண்ணீருக்கும் லாரி வாடகை கொடுப்பதா என்று கணக்குப் பார்த்து உலர்த்துபவர், அடுக்கு பிரிக்கச் செலவழித்த அமிலத்தையும் மின்சாரத்தையும் அந்தக் கணக்கில் எழுத மறந்துவிடுகிறார்.