கொல்லையில் தானாகப் பூத்த கிழங்குச் செடி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கோடை மழை பெய்தால் போதும், போனுக்குப் படங்கள் வரத் தொடங்கிவிடும். "கொல்லையில தானா வந்திருக்கு, என்ன செடிண்ணே?" புதிதாகச் செடி பார்க்கக் கிளம்பியவர்கள், நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த அதே கூத்தைத்தான் அடிக்கிறார்கள். மங்கலான படம், அளவு தெரியாத படம் போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

தோண்டிப் பார்ப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான். தெரிந்த பையன் ஒருவன், சித்திரை வெயிலில் கட்டாந்தரையிலிருந்து இலையே இல்லாமல் ஒரு தண்டு கிளம்பியதைப் பார்த்திருக்கிறான். முழங்கால் உயரம், பழுப்பும் பச்சையுமாகத் தலைகுனிந்த சிறு பூக்கள். உடனே மண்வெட்டியைப் போட்டு, தண்டை வீசிவிட்டு, கிழங்கை மட்டும் பையில் கொண்டுவந்தான். வெள்ளைக் கிழங்கு, உரிக்க உரிக்க ஏடு. "வெங்காயம் மாதிரியே இருந்துச்சு, நறுக்கிப் பாத்தேண்ணே" என்றவன் இரண்டு கையையும் சொறிந்துகொண்டு நின்றான். சாற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிக ஊசிகளின் வேலை அது.

தண்டைப் பற்றித் துருவிக் கேட்ட பிறகுதான் நரிவெங்காயம் என்று சொல்ல முடிந்தது. அது வெயிலில் பூக்கும். இலை மழைக்குப் பிறகுதான் வரும். அதனால் மழைக்காலத்தில் இலையைப் பார்ப்பவர்கள் வேறேதோ களை என்று பிடுங்கிப் போடுவதும் உண்டு. கிழங்கை மட்டும் நீட்டினால் என்ன சொல்வது? மழை லில்லிக்கும் ஏடு ஏடான கிழங்குதான், விஷமூங்கில் என்கிற வெள்ளைப் பூச்செடிக்கும் அப்படித்தான். செடியும் போச்சு, அடுத்த வருஷப் பூவும் போச்சு. பக்கத்தில் ஒரு செங்கல்லை அடையாளம் வைத்துவிட்டு ஐப்பசி வரை பொறுத்திருந்தால் இலையும் கிடைத்திருக்கும்.

வெங்காய இனம்தானா என்று பார்க்க இலையைக் கசக்கி முகர்ந்தாலே போதும். வெங்காய வாசம் இல்லையென்றால் வெங்காயம் இல்லை.

பூவை மேலிருந்து மட்டும் பார்ப்பது

ஆறு இதழ் இவை எல்லாவற்றுக்கும் உண்டு. பூவைத் திருப்புங்கள். இதழ்களுக்குக் கீழே பச்சையாக ஒரு புடைப்பு தெரிந்தால், அதுதான் சூலகம், பின்னால் காயாகும் பகுதி. செடி அமரில்லிஸ் குடும்பம். மழை லில்லி, விஷமூங்கில் எல்லாம் இந்த வகை. நரிவெங்காயத்திலும் செங்காந்தளிலும் சூலகம் இதழ்களுக்கு மேலே, பூவின் நடுவில் இருக்கும்.

வெள்ளைப் பூவின் நடுவே, மகரந்தத் தாள்களை இணைத்து மெல்லிய கிண்ணம் ஒன்று இருக்கிறதா? காய்க்கும் வரை காத்திருங்கள். விதை சதைப்பற்றோடு பச்சையாக இருந்தால் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த ஸ்பைடர் லில்லி. காய்ந்து கறுப்பாக இருந்தால் பான்கிராஷியம் என்கிற வேறு செடி.

நிறத்தை நம்புவது

செங்காந்தள் பச்சையும் மஞ்சளுமாக விரிந்து, போகப்போகச் சிவக்கும். ஒரே கொடியில் இரண்டையும் பார்க்கலாம். இலைநுனி சுருண்டு பற்றுகிறதா என்று பாருங்கள்.

தானாக வந்ததெல்லாம் நம்மூர்ச் செடி என்பது

மழை லில்லி நம்மூர்ச் செடியே இல்லை.

வாயில் வைத்துப் பார்ப்பது

கூடவே கூடாது. நரிவெங்காயம் இதயத்துடிப்பைக் குலைக்கும். செங்காந்தள் கிழங்கில் இருப்பது கோல்கிசின் என்ற விஷம், ஆளையே கொல்லும். யாராவது தின்றுவிட்டால் எனக்குப் படம் அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள். மிச்சக் கிழங்கை எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.