ஸ்ட்ராடஜிக் பார்ட்னர்ஷிப்: நான் பண்ணின தப்ப நீங்களும் பண்ணாதீங்க மக்கா

நாகர்கோவில்ல ஞாயித்துக்கெழம ஒரு பன்னெண்டு பிள்ளைங்களுக்கு சர்வதேச உறவு பாடம் எடுக்கேன். போன வாரம் டெஸ்ட் பேப்பர் திருத்த உக்காந்தா ஏழு பேப்பர்ல என்னோட பழைய தப்பு அச்சு மாறாம அப்படியே கெடக்கு, நான் எந்த வார்த்தைல எழுதி கெட்டேனோ அதே வார்த்தை. அதான் இத டைப் பண்ணுகேன். ஸ்ட்ராடஜிக் பார்ட்னர்ஷிப்னா ரெண்டு நாடு பாதுகாப்பு, வர்த்தகம்னு ரொம்ப காலத்துக்கு சேந்து வேல செய்ய ஒத்துக்கறது, அத பத்தி பதில் எழுதும்போது விழுற தப்புகளாக்கும் கீழ இருக்கது. பிரதமர் பேர மாத்தி எழுதுறது, வருஷத்த தப்பா போடுறது எல்லாம் இங்க பேசப் போறதில்ல, அது ரெண்டு நாள் குத்தவச்சு படிச்சா சரியாயிரும்.

பார்ட்னர்னா சண்டைக்கு வருவான்னு எழுதுறது

என் மெயின்ஸ் தேர்வ கெடுத்தது இதாக்கும். 1971 இந்திய-சோவியத் ஒப்பந்தம் பத்தி கேள்வி. எங்க மாமா ஒருத்தரு சாயா கிளாஸ கையில எடுத்தாலே "லேய், நம்மள எவனாவது தொட்டா ரஷ்யாக்காரன் வந்து நிப்பான், அப்படி கையெழுத்து போட்டாச்சு"ன்னு ஆரம்பிப்பாரு, நானும் சின்னதுலேருந்து கேட்டு கேட்டு அது ராணுவக் கூட்டணிதான்னு ரெண்டு பக்கத்துக்கு எழுதித் தள்ளிட்டேன். அந்த வருஷம் லிஸ்ட்ல பேரு வரல. இந்த ஒரு பதிலாலதான்னு சத்தியம் பண்ண முடியாது, ஆனா எரிச்சல் இன்னும் தீரல.

ஒப்பந்தத்த முழுசா வாசிச்சது ரெண்டு வருஷம் கழிச்சு, வடசேரி பஸ் ஸ்டாண்ட்ல திருவனந்தபுரம் பஸ்சுக்கு நிக்கும்போது, ஜெராக்ஸ் பேப்பர்ல. மொத்தமே 12 பிரிவு. 9-வது பிரிவு என்ன சொல்லுகுன்னா, உன்ன அடிக்கறவனுக்கு நான் உதவ மாட்டேன், அடி விழுந்தாலோ விழும்போல இருந்தாலோ உடனே கலந்து பேசி தக்க நடவடிக்கை எடுப்போம், அவ்வளவுதான். படைய அனுப்புவேன்னு ஒரு வரி கெடையாது. அதவிட 4-வது பிரிவ பாத்துதான் தலையில கைய வச்சேன், இந்தியாவோட அணிசேராக் கொள்கைய சோவியத் மதிக்குதுன்னு அதுலயே எழுதி இருக்கு, நான் அத கூட்டணின்னு எழுதிட்டு வந்திருக்கேன். அன்னைக்கு பஸ்ஸயும் விட்டேன்.

அதுக்காக அந்த பேப்பரால ஒண்ணும் நடக்கலன்னு எழுதிராதீங்க. 1971 டிசம்பர்ல, வங்கதேசப் போர் நடக்கும்போது, ஐ.நா. பாதுகாப்பு சபையில சோவியத் போட்ட வீட்டோ, அதாவது தீர்மானத்த தடுக்கற ஓட்டு, நமக்கு டாக்கா விழுற வர நேரம் வாங்கிக் குடுத்தது. உதவி இப்படித்தான் வரும், வேற ரூபத்துல.

இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு நான் குடுக்கற உதாரணம் வேற. 2024 ஜூன்ல ரஷ்யா வட கொரியாகூட ஒரு ஒப்பந்தம் போட்டது, 2025 ஜனவரில ஈரான்கூட ஒண்ணு. ரெண்டுக்கும் பேரு 'விரிவான ஸ்ட்ராடஜிக் பார்ட்னர்ஷிப்' ஒப்பந்தம்தான். வட கொரியா பேப்பர்ல 4-வது பிரிவு, ஒருத்தன்மேல படையெடுத்தா மத்தவன் ராணுவ உதவி உட்பட எல்லாம் உடனே குடுக்கணும்னு. ஈரான் பேப்பர்ல அந்த வரி இல்ல, அடிக்கறவனுக்கு உதவ மாட்டோம்கறதோட சரி. 2025 ஜூன்ல இஸ்ரேலும் அப்புறம் அமெரிக்காவும் ஈரான்ல குண்டு போட்டப்ப மாஸ்கோ கண்டனம் சொல்லிச்சு, படை வரல. ஒரே பேரு, ஒரே நாடு, ஏழு மாச இடைவெளி, ஆனா ஒரு பிரிவு மாறினதும் கணக்கே மாறிப்போச்சு பாத்தீங்களா. பேர பாத்து பதில் எழுதாதீங்க, எத்தனாவது பிரிவுன்னு தேடுங்க.

அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேந்த அசல் ராணுவக் கூட்டணி நேட்டோ, அதோட 5-வது பிரிவுலகூட, ஒருத்தன்மேல அடி விழுந்தா மத்தவங்க "தேவைன்னு கருதுற நடவடிக்கை" எடுப்பாங்கன்னுதான் இருக்கு, என்ன நடவடிக்கைங்கறத அந்தந்த நாடு முடிவு பண்ணிக்கும்.

ரஷ்யாவா அமெரிக்காவான்னு கேக்கறது

2018 செப்டம்பர்ல இந்தியா அமெரிக்காகூட காம்காசாங்கற ராணுவத் தகவல்தொடர்பு ஒப்பந்தம் போட்டது, அக்டோபர்ல ரஷ்யாகூட எஸ்-400 வான் பாதுகாப்பு ஏவுகணை வாங்க ஒப்பந்தம். ஒரு மாசம்தான் வித்தியாசம், ஒருத்தன்கூட சேந்தா இன்னொருத்தன விடணும்னு இல்ல.

அண்ணன் தம்பி பாசம்

பார்ட்னர்ஷிப்ப பாசம்னு எழுத வேண்டாம், அது அவனவன் லாபக் கணக்கு. நம்ம குளச்சல்லயே 1741ல திருவிதாங்கூர்கிட்ட தோத்த டச்சுக்காரன், 1753 மாவேலிக்கரை ஒப்பந்தத்துல மத்த மலபார் ராஜாக்கமார கைகழுவிட்டு திருவிதாங்கூருக்கு ஆயுதம் விக்க சம்மதிச்சான்.

கையெழுத்து ஆன அன்னைக்கே வேல முடிஞ்சதா எழுதுறது

நம்ம ஆளுங்க இத எழுதக்கூடாது, கூடங்குளம் நமக்கு கூப்பிடு தூரம். அங்க உள்ள அணுமின் நிலையத்துக்கு 1988ல ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் கையெழுத்து போட்டாங்க, போட்ட சோவியத் நாடே 1991ல இல்லாம போச்சு, நடுவுல பணம், டிசைன், இடிந்தகரை போராட்டம்னு எல்லாம் ஆகி முதல் யூனிட்லேருந்து கரண்ட் வந்தது 2013ல. அமெரிக்க அணு ஒப்பந்தமும் அப்படித்தான், 2005 ஜூலைல அறிவிச்சாங்க, 2006ல அவங்க நாட்டு சட்டம், 2008 செப்டம்பர்ல அணு சப்ளை நாடுகள் குழு தன் விதியில நமக்கு குடுத்த விலக்கு, அக்டோபர்லதான் கையெழுத்து. அந்த டீல நம்பி இங்க கட்டி ஓடுற அமெரிக்க ரியாக்டர் ஒண்ணு காட்டுங்க பாப்போம்.

ஒரு பிள்ள "2008 முதல் அமெரிக்க அணுமின்சாரம் கிடைத்து வருகிறது"ன்னு அழகான கையெழுத்துல எழுதி அடிக்கோடும் போட்டிருக்கா. மார்க் போடல. ஓரத்துல "எந்த ஊர்ல மக்கா?"ன்னு மட்டும் எழுதி குடுத்திருக்கேன், ஞாயித்துக்கெழம பதிலோட வரணும்.