ஆறிய படை அதே இடத்தில் மீண்டும் எழுவது ஏன்? சோரியாசிஸைக் கையாளும் முறை

திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் முழங்கையிலும் முழங்காலிலும் வெள்ளிநிறச் செதில்களுடன் சிவந்த படை தடித்தெழுந்தால், பலர் முதலில் வாங்குவது படர்தாமரைக்கான களிம்பையே. படர்தாமரை பங்கசுத் தொற்று. ஆனால் இத்தகைய படை சோரியாசிஸ் என்னும் தோல் அழற்சி நோயாகவும் இருக்கலாம்; அது எவருக்கும் தொற்றாது. ஆதலால் முதலில் தோல் நோய் வைத்திய நிபுணரிடம் காட்டி, நோய் இன்னதென உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

மருந்தை ஏன் ஒழுங்காகப் பூச வேண்டும் என்பது, தோலுக்குள் நடப்பதை அறிந்தால் விளங்கும். அங்குள்ள கிளைவடிவக் காவற் கலங்கள் இன்டர்லியூக்கின் 23 என்னும் புரதத்தைச் சுரக்க, அதனால் தூண்டப்பட்ட ரி கலங்கள் என்னும் நோயெதிர்ப்புக் கலங்கள் இன்டர்லியூக்கின் 17 ஐ வெளியிடுகின்றன. அது மேற்றோலை அவசரப்படுத்துவதால், ஏறத்தாழ ஒரு மாதத்தில் முதிர்ந்து உதிர வேண்டிய கலங்கள் சில நாட்களிலேயே மேலேறிச் செதிலாகக் குவிகின்றன. அக்கலங்களும் தம் பங்குக்கு மேலும் வெண்குழியங்களை அழைக்க, அழற்சி தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. படை மறைந்த பின்னரும் முந்திய அழற்சியை நினைவில் வைத்திருக்கும் ரி கலங்கள் சில அவ்விடத்துத் தோலிலேயே தங்கிவிடுகின்றன. பழைய இடத்திலேயே அது திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான். இரத்தம் கெட்டுவிட்டதென்று பேதிக்குக் குடிப்பதால் இக்கலங்கள் அசையப்போவதில்லை.

வைத்தியர் தந்த ஸ்டீரொய்ட் களிம்பைச் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறத்தாழ அரைக் கிராம் வரும். அது விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கைகளின் பரப்புக்குப் போதும். முழங்கைக்கெனத் தந்ததை முகத்தில் பூசக்கூடாது. சிவப்புத் தணிந்ததும் தாமாகவே நிறுத்திவிடாமல், எப்படிக் குறைப்பதென்று வைத்தியரிடமே கேட்க வேண்டும்.

செதிலைப் பிய்க்கக்கூடாது, ஏனெனில் காயம்பட்ட இடத்தில் புதிய படை எழக்கூடும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போவதை நான் தடுக்கமாட்டேன்; ஆனால் சூடான நீரில் ஊறவைத்துச் செதிலைத் தேய்த்து உரிப்பவர்களைக் கண்டால் மனம் பதறுகிறது. நிலாவெளியில் கடலாடியவர்கள் நன்னீரில் அலசி, துவாயால் ஒற்றி, ஈரம் முற்றாகக் காயுமுன் வசிலினைப் பூசிக்கொள்வது நல்லது.

இந்த அழற்சி மூட்டுகளையும் தாக்கக்கூடும். காலையில் விரல்கள் விறைத்து அரைமணி நேரமாகியும் இளகாவிட்டால், அல்லது ஒரு விரல் முழுவதும் வீங்கினால், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் வைத்தியரிடம் செல்ல வேண்டும்.