மேசை போனுக்கு இரண்டு சர்வர்: போர்ட் கட்டத்தைக் காலியாக விடுங்கள்

டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் சின்ன அலுவலகங்களுக்கு இன்டர்நெட் போன் மாட்டிக்கொடுப்பது என் தொழில். ஒரு கிளினிக்கில் ஆறு மேசை போன் வைத்தேன். அழைப்புகளை இணைக்கும் சர்வர் ஜோகனஸ்பர்க்கில் ஒன்று, கேப் டவுனில் ஒன்று. பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்-இல், எந்தச் சர்வரை முதலில், எதை அடுத்து அணுகுவது என்று சொல்லும் எஸ்ஆர்வி பதிவை இரண்டுக்கும் போட்டாயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை ஜோகனஸ்பர்க் சர்வர் விழுந்தது, ஆறு போனும் கூடவே செத்தன. ரிசப்ஷன் அக்கா சொந்த செல்போனில் நோயாளிகளை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருந்தார்.

காரணம், போனில் சர்வர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் போர்ட் கட்டம். அதில் 5060 என்று அடித்திருந்தேன். போர்ட் எண் கொடுத்துவிட்டால், சிப் (இன்டர்நெட் போன் அழைப்புக்கான நெறிமுறை) விதிப்படி போன் எஸ்ஆர்வி பதிவைத் தேடாது. பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் சாதாரண ஏ பதிவை மட்டும் கேட்கும். அங்கே இருந்தது ஜோகனஸ்பர்க் முகவரி மட்டும்தான். ஆகவே அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். யீலிங்க் போன் என்றால் 0 போட்டு, டிரான்ஸ்போர்ட்டில் டிஎன்எஸ்-நாப்டர் தேர்ந்தெடுங்கள்.

எஸ்ஆர்வி பதிவின் பெயர்: அடிக்கோடு சிப், புள்ளி, அடிக்கோடு யுடிபி, புள்ளி, உங்கள் டொமைன். முதல் சர்வருக்கு பிரயாரிட்டி 10, அடுத்ததற்கு 20. சின்ன எண்தான் முந்தும். வெயிட் என்பது ஒரே பிரயாரிட்டியில் இருப்பவர்களுக்குள் பங்கு பிரிக்க மட்டும். இலக்காக ஐபி எண்ணையோ சிநேமையோ (வேறொரு பெயரைக் காட்டும் மாற்றுப்பெயர்) போடக்கூடாது, ஏ பதிவு உள்ள பெயர் வேண்டும். டிடிஎல், அதாவது பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரம், 300 விநாடி போதும். போன்களுக்கு நெட்வொர்க் அமைப்பைத் தானாகக் கொடுக்கும் டிஹெச்சிபி-யில் டிஎன்எஸ் சர்வரும் இரண்டு கொடுங்கள், இரண்டும் ஒரே கம்பெனியுடையதாக இருக்க வேண்டாம்.

இனி நேரம். யுடிபி-யில் (வந்து சேர்ந்ததா என்று உறுதி செய்யாமல் அனுப்பும் முறை) பதில் வராத அழைப்பை போன் கைவிட 32 விநாடி ஆகும். அத்தனை நேரம் யாரும் ரிசீவரைக் காதில் வைத்திருக்க மாட்டார்கள். போனில் ஃபெயிலோவர் (அடுத்த சர்வருக்கு மாறும்) நேரத்தைக் குறைக்க இடம் இருந்தால் குறையுங்கள். போன் தன் முகவரியைச் சர்வரில் மறுபடி பதிவுசெய்யும் ரெஜிஸ்டர் நேரம் பல போன்களில் 3600 விநாடியாக வரும். சர்வர் விழுந்தபின் போன் மறுபடி ரெஜிஸ்டர் ஆகும்வரை உள்வரும் அழைப்பு வந்து சேராது, அதனால் நான் 300 வைக்கிறேன்.

லோட்ஷெடிங்கை (முறைவைத்த மின்வெட்டை) மறக்காதீர்கள். ரூட்டருக்கும் போன்களுக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சுக்கும் யுபிஎஸ் இல்லையென்றால், கேப் டவுனில் எத்தனை சர்வர் வைத்தும் பயனில்லை.

சரி, அப்புறம் சோதனை. முதல் சர்வரின் ஐபி-யை ரூட்டரில் தடுங்கள். ‘ரிஜெக்ட்’ வேண்டாம், ‘டிராப்’ போடுங்கள். ரிஜெக்ட்டில் உடனே மறுப்புச் செய்தி வந்து போன் சட்டென்று மாறிவிடும். செத்துப்போன சர்வர் அப்படிப் பதில் சொல்லாது. வெளியே ஒரு அழைப்பு, உள்ளே ஒரு அழைப்பு, கடிகாரம் பார்த்து. பிறகு தடையை எடுத்து, போன் ஜோகனஸ்பர்க்குக்குத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது முறை அந்தக் கிளினிக்குக்குப் போனபோது, கடிகாரத்தை அக்கா கையில் கொடுத்துத்தான் இதைச் செய்தேன்.