இருபடிச் சரிபார்ப்பு போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்குக் கூகுள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு சான்றையும் கேட்பது) போட்டுக்கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகளைத்தான் ஒவ்வொருவராக வந்து செய்கிறார்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேக்கப் கோடுகளை அதே போனில் வைப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான்.

கூகுள் 10 பேக்கப் கோடுகள் தருகிறது. ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒரே ஒரு முறைதான் செல்லும். போன் தொலைந்தாலோ உடைந்தாலோ கணக்குக்குள் நுழைவதற்கென்றே இருப்பவை. அந்தத் திரை வந்தவுடன் பெரும்பாலோர் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு நகர்கிறார்கள். அது அதே போனின் கேலரிக்குப் போகும், அங்கிருந்து அதே கணக்கின் கூகுள் போட்டோஸுக்குப் போகலாம். சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டுவது போல.

தெரிந்தவர் ஒருவர் கல்யாண போட்டோகிராபர். வாடிக்கையாளர் படங்கள் எல்லாம் கூகுள் டிரைவில். ஒரு மழைநாளில் போன் நனைந்து செத்துப்போனது. நுழைவதற்கான எண்ணைக் காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப் அதில்தான், கோடுகளின் ஸ்கிரீன்ஷாட்டும் அதில்தான். சரி, குறுஞ்செய்தி வழியாக நுழையலாம் என்றால், கணக்கில் இருந்தது அவர் எப்போதோ கைவிட்ட எண். பாஸ்வேர்ட் சரியாக நினைவிருந்தும் வாசலிலேயே நிற்க வேண்டியதாயிற்று. ஆல்பம் கொடுக்க வேண்டிய தேதி தாண்டி, பெண் வீட்டார் தினமும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். முன்பு வழக்கமாகப் பயன்படுத்திய கடைக் கம்ப்யூட்டரிலிருந்து மீட்புக்கு விண்ணப்பித்து, நாள்கணக்கில் காத்திருந்துதான் கணக்கைத் திரும்பப் பெற்றார். எல்லோருக்கும் அப்படித் திரும்பக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

2023 ஏப்ரலில் கூகுள் ஆத்தென்டிகேட்டரில் கிளவுட் சேமிப்பு வந்தது. அதன்பிறகு, 'எல்லாம் கிளவுடில் இருக்கிறதே' என்று பலர் தைரியமாகச் சொல்கிறார்கள். மற்ற தளங்களுக்கு அது நல்ல பாதுகாப்புதான். ஆனால் அந்தச் சேமிப்பு இருப்பது உங்கள் கூகுள் கணக்கில். புதுப் போனில் அந்தக் கணக்கைத் திறக்கவே ஆத்தென்டிகேட்டர் எண்ணைக் கேட்டால் என்ன செய்வீர்கள்?

ஆகவே, கோடுகளைக் காகிதத்தில் அச்சடியுங்கள் அல்லது கையால் எழுதுங்கள். பீரோவில் பத்திரங்களோடு ஒரு பிரதி, நம்பிக்கையான ஒருவர் வீட்டில் இன்னொரு பிரதி. பயன்படுத்தியதை அடித்துவிடுங்கள். புதிய கோடுகள் எடுத்தால் பழையவை அத்தனையும் செல்லாமல் போகும், அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள். வீட்டில் பழைய போன் சும்மா கிடந்தால், ஆத்தென்டிகேட்டரை இணைப்பதற்கான கியூஆர் கோடு திரையில் இருக்கும்போதே அதிலும் ஸ்கேன் செய்துவிடுங்கள். இரண்டிலும் ஒரே எண் வரும்.

குறுஞ்செய்தியை மட்டும் நம்புவது

சிம் மாற்று மோசடியில் உங்கள் போன் எண்ணையே பறித்துவிடுகிறார்கள். 2019இல் அப்போதைய ட்விட்டர் தலைவர் ஜாக் டோர்சியின் ட்விட்டர் கணக்கே அவரது எண்ணைக் கைப்பற்றியவர்களிடம் சிக்கியது. ஆனால் நம் ஆட்களிடம் நான் அதிகம் பார்ப்பது வேறு. வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போனவர்கள் ஊர் சிம்முக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். துண்டிக்கப்பட்ட எண் 90 நாட்களுக்குப் பிறகு இன்னொருவருக்குப் போகலாம். அப்புறம் உங்கள் ஓடிபி அவருக்குப் போகும். எண்ணை விடுவதற்கு முன் கணக்கிலிருந்து அதை நீக்குங்கள்.

கேட்டதற்கெல்லாம் 'ஆம்' அழுத்துவது

2022இல் ஊபர் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர், ஓர் ஒப்பந்த ஊழியரின் பாஸ்வேர்டை வைத்துத் திரும்பத் திரும்ப நுழைய முயன்றார். ஒவ்வொரு முறையும் அனுமதிக்கலாமா என்று ஊழியரிடம் கேள்வி வந்தது. கடைசியில் அவர் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார். நீங்கள் லாகின் செய்யாதபோது கேள்வி வந்தால் 'இல்லை' அழுத்துங்கள், உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

போன் நேரத்தைக் கையால் மாற்றுவது

ஆத்தென்டிகேட்டர் எண் 30 விநாடிக்கு ஒருமுறை நேரத்தை வைத்தே மாறுகிறது. போன் நேரத்தை ஆட்டோமேட்டிக்கில் விடுங்கள்.

சோதிக்காமல் எழுந்துபோவது

கணக்கு இந்தப் பிரவுசரில் திறந்தே இருக்கட்டும். வேறு பிரவுசரில் போய், போனைத் தொடாமல், பேக்கப் கோடு ஒன்றை வைத்து நுழைந்து பாருங்கள். ஒரு கோடு செலவாகும், பரவாயில்லை.