பிளாக் (வலைப்பதிவு) சேர்த்ததும் சைட் கலைந்துவிட்டதா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

போன வாரம் எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், கீழே இறங்கிவிட்ட சைட்பாரை (பக்கவாட்டுப் பட்டையை) மேலே ஏற்றப் போராடிக்கொண்டிருந்தான். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் அகலம் 30 சதவீதம் என்று இருந்ததை 29 ஆக்கினான், அப்புறம் 28. பின்னால் நின்று பார்த்த எனக்கு, பழைய நானே அங்கே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. பேக்கப் எடு, கேஷை அழி என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காரணம் தெரியாமல் சிஎஸ்எஸ்ஸில் கைவைப்பது

ஒரு ஜவுளிக்கடையின் சைட். முகப்பில் கடைசி ஐந்து பதிவுகளின் தொடக்கம் மட்டும் தெரியும்படி ஒரு பிளாக் மாட்யூல் சேர்த்திருந்தேன். ஒருநாள் காலை சைட்பார் பதிவுகளுக்கு அடியில் போய்க் கிடந்தது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து அகலத்தை மாற்றினேன், பெட்டியை இடமோ வலமோ ஒதுக்கும் ஃப்ளோட்டை மாற்றினேன். மூன்றாம் நாள் தானாக மேலே வந்துவிட்டது. என் கைவண்ணம்தான் என்று நம்பி பில்லும் அனுப்பிவிட்டேன்! பத்து நாள் கழித்து கடைக்காரர் கூப்பிட்டார்: "சார், இப்ப ரெண்டாம் பக்கத்துல அதே மாதிரி ஆயிருக்கு."

நடந்தது இதுதான். ஒரு பதிவு, படங்களை அடுக்கிய ஒரு டிவ்வோடு (எச்டிஎம்எல்லில் பெட்டி போன்ற பகுதி) தொடங்கியது. மாட்யூலோ பதிவின் எச்டிஎம்எல்லை அப்படியே எடுத்து, பிஎச்பி மொழியில் உரையை வெட்டும் சப்ஸ்டர் மூலம் முதல் 300 பைட்டை வெட்டிப் போட்டது. டிவ்வைத் திறந்த டேக் உள்ளே வந்துவிட்டது, மூடும் டேக் வெட்டுக்கு அந்தப்பக்கம் போய்விட்டது. பதிவுப் பத்தியை (பதிவுகள் வரும் நெடுவரிசையை) மூட வேண்டிய டேக் இந்த அநாதை டிவ்வை மூடிவிட, பத்தி திறந்தே கிடந்து சைட்பாரையும் உள்ளே இழுத்துக்கொண்டது. கடைக்காரர் புதுப் பதிவு போட்டதும் அந்தப் பதிவு இரண்டாம் பக்கத்துக்கு நகர்ந்தது, நோயும் கூடவே போனது. சிஎஸ்எஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த இரண்டு ராத்திரியை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான்.

ஏன் கண்ணில் படவில்லை? நான் பார்த்தது பிரவுசரின் இன்ஸ்பெக்ட் கருவியில். பிரவுசர் தானே சரிசெய்துகொண்ட பிறகு உள்ள வடிவத்தைத்தான் அது காட்டும். எல்லா டிவ்வும் ஒழுங்காக மூடியிருப்பது போலவே தெரியும். ஆனால் சைட்பார் பதிவுப் பத்திக்குப் பக்கத்தில் இருக்கிறதா, அதன் வயிற்றுக்குள் இருக்கிறதா என்று அங்கேயே பார்க்கலாம். உள்ளே இருந்தால் கன்ட்ரோல்-யூ அழுத்தி மூலத்தைப் பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸ் அங்கே பொருந்தாத டேக்குகளைச் சிவப்பில் காட்டும்.

வெட்டுவதற்கு முன் டேக்குகளை உரித்துவிடுங்கள். சப்ஸ்டர் எழுத்தை அல்ல, பைட்டை எண்ணும். எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'க' ஒன்றே 3 பைட், 'கொ' என்றால் 6. நடுவில் வெட்டினால் கேள்விக்குறி போட்ட கறுப்பு டைமண்ட் வரும். பைட்டுக்குப் பதில் எழுத்துக்குறிகளை எண்ணும் எம்பி-சப்ஸ்டர் போட்டால் டைமண்ட் போகும், ஆனால் 'கொடி' என்பது 'க'வோடு நின்றுவிடலாம். சொல் எல்லையில் வெட்டுவதே நல்லது. வேர்ட்பிரஸ் என்றால் டபிள்யுபி-ட்ரிம்-வேர்ட்ஸ் இருக்கிறது: டேக்கை நீக்கிவிட்டுத்தான் சொற்களை எண்ணும்.

இம்பார்டன்ட்

மற்ற விதிகளை மீறி ஒரு விதியை ஜெயிக்கவைக்கும் இந்த சிஎஸ்எஸ் சொல் வேண்டாம்.

இரண்டு பூட்ஸ்ட்ராப்

பூட்ஸ்ட்ராப் என்பது ஆயத்த சிஎஸ்எஸ் தொகுப்பு. தீமில் (சைட்டின் தோற்ற வார்ப்பில்) அதன் பதிப்பு 3, மாட்யூலில் பதிப்பு 5. இரண்டிலும் 'ரோ' என்ற கிளாஸ் உண்டு. 3-இல் அது ஃப்ளோட்டை நம்பியது, 5-இல் ஃப்ளெக்ஸ் என்ற வேறு அடுக்கும் முறை. ஏதாவது ஒன்றைத் தூக்குங்கள்.

நீளச் சொல்லை மறப்பது

ஃப்ளெக்ஸில் ஒரு பத்தி, தன்னுள் இருக்கும் மிக நீளமான சொல்லைவிடக் குறுகாது. யாராவது நீளமான லிங்க் ஒன்றை ஒட்டினால் போதும், போனில் பக்கமே பக்கவாட்டில் நகரும். பத்தியின் மின்-விட்த்தை (குறைந்தபட்ச அகலத்தை) 0 ஆக்கி, நீளச் சொல் எங்கேயும் உடையும்படி ஓவர்ஃப்ளோ-ரேப்புக்கு எனிவேர் கொடுங்கள். "செய்துகொண்டிருந்தவர்களுக்காகவும்" போன்ற சொற்களை எழுதுகிற நமக்கு இது லிங்க் இல்லாமலேயே தேவைப்படும்.